ஐஸ் கம்பெனியின் பிணையம் மட்டும் ஏன் சுற்றுகிறது? இரண்டு ரவுட்டர்களில் இருவழி ரீடிஸ்டிரிபியூஷன்

கேள்வி: மண்டபம்_தோணி

அனைவருக்கும் வணக்கம். இறாலும் நண்டும் வாங்கிப் பதப்படுத்தி ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தின் பிணையத்தை நான் கவனித்து வருகிறேன். ராமநாதபுரம் தலைமை அலுவலகம், கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி ஆகிய இடங்களை இணைக்கும் எங்கள் பழைய பிணையம், ரவுட்டர்கள் தமக்குள் வழிகளைச் சொல்லிக்கொள்ள உதவும் ஓஎஸ்பிஎஃப் (OSPF) நெறிமுறையில் இயங்குகிறது. சென்ற ஆண்டு தீவுப் பக்கத்து நிறுவனம் ஒன்றை எங்கள் முதலாளி வாங்கியபோது மண்டபம் ஏலக்கூடம், பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம் ஆகிய கிளைகளும் எங்களோடு சேர்ந்தன. அவை அனைத்திலும் ஈஐஜிஆர்பி (EIGRP) என்ற வேறொரு வழிகாட்டும் நெறிமுறை இயங்குகிறது. அவற்றை உடனடியாக மாற்ற நேரமும் ஆளும் இல்லாததால், இரண்டு நெறிமுறைகளுக்கும் இடையே ரீடிஸ்டிரிபியூஷன் (ஒரு நெறிமுறை அறிந்த வழிகளை மற்றதற்குள் சொல்வது) செய்துவிடலாம் என்று முடிவெடுத்தோம்.

முதலில் ராமநாதபுரம் ரவுட்டர் மட்டுமே இரண்டு நெறிமுறைகளும் சந்திக்கும் எல்லை ரவுட்டராக இருந்தது. அங்கிருந்து உச்சிப்புளி டவர் வழியாகப் பாம்பன் டவருக்கு ரேடியோ இணைப்பு உண்டு. கடலைத் தாண்டும் அந்த இணைப்பு நீர்ப்பரப்பின் எதிரொளிப்பால் சில மாலை வேளைகளில் தடுமாறும் என்பதால், இரண்டாவது வழியாக மண்டபத்திலும் ஓர் எல்லை ரவுட்டர் வைத்தோம். அது ராமநாதபுரத்தோடு நெடுஞ்சாலை ஃபைபர் மூலம் ஓஎஸ்பிஎஃப் பேசுகிறது. பாம்பன் சாலைப் பாலத்தின் மீது செல்லும் ஃபைபர் மூலம் பாம்பன் ரவுட்டரோடு ஈஐஜிஆர்பி பேசுகிறது. இரண்டு எல்லை ரவுட்டர்களிலும் இரு திசைகளிலும் ரீடிஸ்டிரிபியூஷன் உண்டு. வடிகட்டி எதுவும் போடவில்லை.

அன்றிலிருந்துதான் தொல்லை தொடங்கியது. தங்கச்சிமடத்தில் உள்ள ஐஸ் கம்பெனியின் பிணையம் 172.20.40.0/24. குளிர் அறைகளின் வெப்பநிலையை அனுப்பும் பழைய கருவிக்கு ஆர்ஐபி (RIP) என்ற மற்றொரு வழிகாட்டும் நெறிமுறையின் இரண்டாம் பதிப்பு மட்டுமே தெரியும் என்பதால், தங்கச்சிமடம் ரவுட்டரில் ஆர்ஐபியிலிருந்து ஈஐஜிஆர்பிக்கு மாற்றுகிறோம். எதிர்த்திசையில் டீஃபால்ட் வழியை (வேறு வழி தெரியாத எல்லாவற்றுக்குமான பொது வழியை) மட்டும் தருகிறோம். தலைமை அலுவலகத்திலிருந்து அந்தப் பிணையத்துக்கு, பொட்டலம் கடக்கும் ரவுட்டர்களை வரிசையாகக் காட்டும் டிரேஸ்ரூட் போட்டால் ராமநாதபுரம், பாம்பன், மண்டபம், மீண்டும் ராமநாதபுரம், மீண்டும் பாம்பன் என்று 30 வரிகளும் நிரம்பிவிடுகின்றன. பாம்பன், ராமேஸ்வரம் கிளைகளின் மற்ற எந்தப் பிணையத்திலும் இந்தக் குறை இல்லை.

என்னைக் குழப்பும் வேறு இரண்டு செய்திகளும் உள்ளன. சோழகக் காற்று வீசும் இந்த நாள்களில் மின்சாரம் அடிக்கடி போகிறது. மண்டபம் ரவுட்டர் கடைசியாக எழுந்தால் சுற்றல் வருகிறது. ராமநாதபுரம் ரவுட்டர் கடைசியாக எழுந்தால் பல நாள்களுக்கு எல்லாம் சரியாக இருக்கிறது. மேலும், சோதனைக்காக ஐஸ் கம்பெனியின் போர்ட்டையே அணைத்துப் பார்த்தேன். அணைத்துப் பத்து நிமிடம் கழிந்த பிறகும் பாம்பன் ரவுட்டரின் டேபிளில் (அது பயன்படுத்தும் வழிகளின் அட்டவணையில்) அந்த வழி அப்படியே நின்றது.

ராமநாதபுரத்தில் ஈஐஜிஆர்பிக்குத் தந்திருக்கும் தொடக்க மெட்ரிக் (வழியின் தரத்தைக் காட்டும் எண்கள்; முதலாவது வேகம், இரண்டாவது தாமதம்) 10000 100 255 1 1500. மண்டபத்தில் ஃபைபர் ஜிகாபிட் வேகம் என்பதால் 1000000 1 255 1 1500 என்று தந்தேன். குளிர் அறையில் இருக்கும் சரக்கின் நிலை தெரியாமல் இரவில் ஆளை அனுப்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. எங்கே தவறினேன் என்று சொல்லுங்கள்.

பதில்: நெய்தல்_நிலவன்

ஓஎஸ்பிஎஃப் பக்கத்தில் ரீடிஸ்டிரிபியூட் கட்டளையோடு சப்நெட்ஸ் என்ற சொல்லைச் சேர்த்தீர்களா? சிஸ்கோ ரவுட்டர்களின் ஐஓஎஸ் மென்பொருளின் பழைய பதிப்புகளில் அந்தச் சொல் இல்லையென்றால், வகுப்பு எல்லையிலேயே நிற்கும் பெரிய பிணையங்கள் மட்டுமே மாற்றப்படும். /24 போன்ற துண்டுகள் விடுபட்டுவிடும்.

பதில்: கீழக்கரை_காக்கா

சப்நெட்ஸ் விடுபட்டிருந்தால் வழியே தெரியாமல் போயிருக்கும், இப்படிச் சுற்றியிருக்காது. ஆகையால் அதை ஒதுக்கிவிடலாம்.

தம்பி, போர்ட்டை அணைத்த பிறகும் வழி டேபிளில் நின்றது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியிலேயே நோய் தெரிந்துவிட்டது. பிறந்த இடத்தில் இல்லாமல் போன வழியை உங்கள் மூன்று ரவுட்டர்களும் ஒன்று சொன்னதை மற்றொன்று நம்பி உயிரோடு வைத்திருக்கின்றன.

ஒரே பிணையத்துக்கு இரண்டு நெறிமுறைகள் வழி சொல்லும்போது ரவுட்டர் அவற்றின் மெட்ரிக்கை ஒப்பிடுவதில்லை. ஓஎஸ்பிஎஃபின் செலவுக் கணக்கும் ஈஐஜிஆர்பியின் வேக, தாமதக் கணக்கும் வெவ்வேறு அளவைகள். முழத்தையும் படியையும் ஒப்பிட முடியாது. எனவே அட்மினிஸ்ட்ரேட்டிவ் டிஸ்டன்ஸ், அதாவது ஒவ்வொரு வகை வழிக்கும் தரப்பட்ட நம்பிக்கை எண், எதற்குக் குறைவோ அதையே அது நம்புகிறது. சிஸ்கோ ரவுட்டர்களில் ஈஐஜிஆர்பியின் உள்வழிக்கு 90, ஓஎஸ்பிஎஃபுக்கு 110, ஆர்ஐபிக்கு 120, வெளியிலிருந்து ஈஐஜிஆர்பிக்குள் கொண்டுவரப்பட்ட வழிக்கு 170 என்று வைத்திருக்கிறார்கள். ராமேஸ்வரம் கிளையின் பிணையம் ஈஐஜிஆர்பியிலேயே பிறந்தது, அதற்கு 90. அது ராமநாதபுரத்தில் ஓஎஸ்பிஎஃபுக்குள் நுழைந்து மண்டபத்துக்கு 110 என்ற எண்ணோடு வந்து சேர்ந்தாலும், அங்கே ஏற்கெனவே இருக்கும் 90-ஐ வெல்ல முடியாது. தொண்டியின் பிணையம் ஈஐஜிஆர்பிக்குள் போய்த் திரும்பினால் 170 ஆகிவிடும். அது 110-இடம் தோற்கும். இந்த எண்களே இரு பக்கமும் உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தன.

ஐஸ் கம்பெனியின் பிணையத்துக்கு மட்டும் அந்தக் காவல் இல்லை. அது ஆர்ஐபியில் பிறந்து ஈஐஜிஆர்பிக்குள் வந்ததால் பாம்பனிலேயே 170 ஆகத்தான் இருக்கிறது. ராமநாதபுரம் அதை ஓஎஸ்பிஎஃபுக்குள் சொல்கிறது. மண்டபம் ரவுட்டர் எழுந்ததும் அதே பிணையத்தைப் பாம்பனிடமிருந்து 170 என்றும், ராமநாதபுரத்திடமிருந்து 110 என்றும் கேட்கிறது. பாலத்தைத் தாண்டினால் பாம்பன் என்றிருக்க, ராமநாதபுரத்தின் சொல்லையே அது நம்புகிறது. இதோடு நின்றிருந்தால் வீண் சுற்றுவழி மட்டுமே. பொட்டலங்கள் எப்படியோ போய்ச் சேர்ந்திருக்கும். ஆனால் மண்டபத்தின் டேபிளில் அந்த வழி இப்போது ஓஎஸ்பிஎஃப் வழியாக அமர்ந்துவிட்டது. ரீடிஸ்டிரிபியூஷன் எப்போதும் டேபிளில் அமர்ந்த வழியைத்தான் எடுக்கும். எனவே மண்டபம் அதை மறுபடியும் ஈஐஜிஆர்பிக்குள் போட்டுப் பாம்பனிடம் சொல்கிறது.

இங்கேதான் நீங்கள் தந்த தொடக்க மெட்ரிக் வேலையைக் காட்டுகிறது. ஈஐஜிஆர்பியின் வழக்கமான கணக்கு, ஒரு கோடியை கிலோபிட் வேகத்தால் வகுத்து, பத்து மைக்ரோ விநாடிகளில் அளந்த தாமதத்தைக் கூட்டி, 256-ஆல் பெருக்குவது. தங்கச்சிமடத்திலும் 10000 100 என்றே தந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் 1000-உம் 100-உம் சேர்ந்து 1100. அதை 256-ஆல் பெருக்கினால் 2,81,600. மண்டபம் தருவதோ 10-உம் 1-உம் சேர்ந்து 11, பெருக்கினால் 2,816. இந்த எண் குறையக் குறைய வழி சிறந்தது. இணைப்புகளின் தாமதத்தை இரு பக்கமும் கூட்டினாலும் இந்த வித்தியாசம் மறையாது. பக்கத்து ஊர்த் தங்கச்சிமடம் சொல்லும் உண்மையான வழியை விட மண்டபம் சொல்லும் வழி நூறு மடங்கு சிறந்ததாகப் பாம்பனுக்குத் தோன்றுகிறது. பாம்பன் மண்டபத்தைக் காட்டுகிறது. மண்டபம் ராமநாதபுரத்தைக் காட்டுகிறது. ராமநாதபுரம் ரேடியோ வழியாகப் பாம்பனைக் காட்டுகிறது. அதன்பின் தங்கச்சிமடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். நீங்கள் போர்ட்டை அணைத்ததை அந்த மூன்றும் அறியவே இல்லை.

மின்சாரத்தின் கதையும் இதிலேயே அடங்கிவிடுகிறது. ராமநாதபுரம் கடைசியாக எழுந்தால் வேடங்கள் மாறுகின்றன. மண்டபம் பாம்பனிடம் நேராகக் கேட்ட வழியை ஓஎஸ்பிஎஃபுக்குள் சொல்ல, ராமநாதபுரம் ஏமாந்து அதை ஈஐஜிஆர்பிக்குள் திருப்பிப் போடுகிறது. ஆனால் ராமநாதபுரத்தின் தொடக்க மெட்ரிக் 2,81,600. ரேடியோவின் தாமதமும் அதோடு சேர்வதால், பாம்பனுக்குத் தங்கச்சிமடத்தின் ஃபைபர் வழியே மேலாகத் தெரிகிறது. வட்டம் கூடுவதில்லை. தவறு அன்றைக்கும் இருக்கிறது. வெளியே தெரிவதில்லை, அவ்வளவுதான். ஆகையால் மண்டபத்தின் மெட்ரிக்கை மட்டும் உயர்த்திவிட்டுத் தீர்ந்தது என்று இருந்துவிடாதீர்கள்.

பாம்பனில் ஈஐஜிஆர்பி டோப்பாலஜியை (அண்டை ரவுட்டர்களிடம் கேட்ட வழிகளின் தொகுப்பை) அந்தப் பிணையத்துக்கு மட்டும் விரிவாகக் கேட்டுப் பாருங்கள். வெளிவழியைப் பிறப்பித்த ரவுட்டரின் அடையாள எண்ணும், எந்த நெறிமுறையிலிருந்து வந்தது என்பதும் அங்கே எழுதப்பட்டிருக்கும்.

கேள்வி கேட்டவர்: மண்டபம்_தோணி

காக்கா, நீங்கள் சொன்னபடியே இருக்கிறது. தங்கச்சிமடத்திலும் 10000 100 தான். சுற்றல் இருக்கும் நேரத்தில் பாம்பனின் டோப்பாலஜியில் பிறப்பித்த ரவுட்டராக மண்டபத்தின் எண்ணும், வெளி நெறிமுறையாக ஓஎஸ்பிஎஃபும் காட்டுகின்றன. மண்டபத்தின் டேபிளில் அதே பிணையம் ஓஎஸ்பிஎஃப் வெளிவழி இரண்டாம் வகை, மெட்ரிக் 20 என்று நிற்கிறது. இப்போதைக்கு மண்டபத்தில் ஓஎஸ்பிஎஃபிலிருந்து ஈஐஜிஆர்பிக்குப் போகும் ரீடிஸ்டிரிபியூஷனை எடுத்துவிட்டேன். அடுத்த சில விநாடிகளில் குளிர் அறையின் அளவீடுகள் தலைமை அலுவலகத்துக்கு வரத் தொடங்கிவிட்டன. ஆனால் இப்படியே விட்டால் ரேடியோ விழும்போது தீவு முழுவதும் துண்டிக்கப்பட்டுவிடும். நிலையான தீர்வு என்ன? 172.20.40.0/24-ஐத் தடுக்கும் ஒரு பட்டியலைப் போட்டால் போதுமா?

பதில்: தொண்டித்துறை

பட்டியலும் வேலை செய்யும். ஆனால் நாளைக்கு ராமேஸ்வரத்தில் இன்னோர் ஐஸ் கம்பெனியை வாங்கினால், இரண்டு எல்லை ரவுட்டர்களிலும் பட்டியலைத் திருத்த யாராவது நினைவாக இருக்க வேண்டும். ஒன்றில் திருத்தி மற்றொன்றில் மறந்த நாளில் இதே நோய் திரும்பிவிடும். வழியின் பெயரைப் பார்த்துத் தடுப்பதை விட, அது எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று குறியிட்டுத் தடுப்பதே நிலையானது. அதற்காகவே டேக் இருக்கிறது. ஏலத்தில் எடுத்த பெட்டியில் வியாபாரி தன் குறியை இடுவதைப் போல, எல்லையைத் தாண்டும் ஒவ்வொரு வழியிலும் ஓர் எண்ணை இடுகிறோம். ஓஎஸ்பிஎஃபின் வெளிவழியிலும் ஈஐஜிஆர்பியின் வெளிவழியிலும் 32 பிட் அளவுள்ள இடம் இதற்காக ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஆர்ஐபி இரண்டாம் பதிப்பில் அது 16 பிட் மட்டுமே.

இரண்டு எல்லை ரவுட்டர்களிலும் ஒரே மாதிரியான இரண்டு ரூட்-மேப்கள் (வழிகளை அனுமதிக்கவும் தடுக்கவும் குறியிடவும் உதவும் விதித்தொகுப்புகள்) எழுதுங்கள். ஈஐஜிஆர்பியிலிருந்து ஓஎஸ்பிஎஃபுக்குப் போகும் ரூட்-மேப், டேக் 110 உள்ளவற்றைத் தடுத்துவிட்டு, மற்ற எல்லாவற்றுக்கும் டேக் 90 இட்டு அனுப்பட்டும். ஓஎஸ்பிஎஃபிலிருந்து ஈஐஜிஆர்பிக்குப் போகும் ரூட்-மேப், டேக் 90 உள்ளவற்றைத் தடுத்துவிட்டு, மற்றவற்றுக்கு டேக் 110 இடட்டும். எண்கள் உங்கள் விருப்பம். நெறிமுறையின் டிஸ்டன்ஸ் எண்ணையே வைத்தால் இரவு இரண்டு மணிக்குப் பார்ப்பவருக்கும் புரியும். தடுக்கும் வரிக்குப் பின் அனுமதிக்கும் வரியை எழுத மறக்காதீர்கள். ரூட்-மேப்பின் முடிவில் எழுதப்படாத ஒரு தடை எப்போதும் உண்டு; அனுமதி வரி இல்லையென்றால் ஒரு வழிகூட எல்லையைத் தாண்டாது.

இதோடு வட்டம் அறுந்துவிடும். ஆனால் மண்டபம் ரவுட்டர் இன்னும் 110-ஐயே நம்பும் என்பதைக் கவனியுங்கள். டேக் மறுபடி உள்ளே போவதைத்தான் தடுக்கிறது. மண்டபத்தின் சொந்தத் தேர்வை மாற்றவில்லை. ஏலக்கூடத்திலிருந்து ஐஸ் கம்பெனிக்குப் போகும் பொட்டலம் பாலத்தைத் தாண்டாமல் ராமநாதபுரம் போய், ரேடியோவில் ஏறி, பாம்பனில் இறங்கும். அதைச் சரிசெய்ய டிஸ்டன்ஸை மாற்ற வேண்டும்.

இந்த இடத்தில் பலர் அவசரப்பட்டு ஓஎஸ்பிஎஃபின் வெளிவழிகள் அனைத்துக்கும் ஒட்டுமொத்தமாக 171 என்று வைத்துவிடுகிறார்கள். நானும் ஒருமுறை அப்படிச் செய்து ஒரு பகல் முழுவதும் அலைந்திருக்கிறேன். உங்கள் தலைமை அலுவலகத்து ஃபயர்வால் தரும் டீஃபால்ட் வழியும் ஓஎஸ்பிஎஃபின் வெளிவழிதான். அதற்கும் 171 ஆகிவிட்டால், ராமநாதபுரம் அதையே ஈஐஜிஆர்பிக்குள் சொல்லி, பாம்பன் வழியாக 170 என்ற எண்ணோடு மண்டபத்துக்கு வரும்போது அது வென்றுவிடும். ஏலக்கூடத்தின் இணையப் போக்குவரத்து அனைத்தும் தீவைச் சுற்றி ரேடியோவில் வரும். எனவே குறிப்பிட்ட வழிகளுக்கு மட்டும் மாற்றுங்கள். ஓஎஸ்பிஎஃபில் டிஸ்டன்ஸ் கட்டளையோடு ஒரு ரவுட்டரின் எண்ணையும், எந்தப் பிணையங்கள் என்று சொல்லும் அக்சஸ் லிஸ்ட்டையும் சேர்க்கலாம். அங்கே தர வேண்டியது அண்டை ரவுட்டரின் முகவரி அன்று. அந்த வெளிவழியைப் பிறப்பித்த ரவுட்டரின் அடையாள எண். மண்டபத்தில் ராமநாதபுரத்தின் எண்ணையும், ராமநாதபுரத்தில் மண்டபத்தின் எண்ணையும் தந்து, ஐஸ் கம்பெனியின் பிணையத்துக்கு மட்டும் 171 வையுங்கள். இங்கே பட்டியல் மீண்டும் வந்துவிடுகிறது, உண்மைதான். ஆனால் இதைத் திருத்த மறந்தால் சுற்றுவழி மட்டுமே வரும், வட்டம் வராது.

அதன்பின் இரண்டு எல்லை ரவுட்டர்களும் ஐஸ் கம்பெனியை ஓஎஸ்பிஎஃபுக்குள் சொல்லும். இரண்டாம் வகை வெளிவழியில் மெட்ரிக் சமமாக இருந்தால், எந்த எல்லை ரவுட்டர் அருகில் இருக்கிறதோ அதையே மற்ற ரவுட்டர்கள் தேர்ந்துகொள்ளும். முதல் வகைக்கு மாற்ற வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை.

பதில்: குந்துகால்_கரை

தொண்டித்துறை அண்ணன் சொன்னதில் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். டேக் போட்டுத் தடுத்த பிறகு, பாலத்து ஃபைபர் அறுந்தால் ஈஐஜிஆர்பி பிணையம் இரண்டு துண்டாகிறது. ஒரு துண்டு மண்டபம் ஏலக்கூடம், மற்றது தீவு. தீவின் வழிகள் ராமநாதபுரம் வழியாக டேக் 90 சுமந்து ஓஎஸ்பிஎஃபில் மண்டபத்துக்கு வரும். ஆனால் மண்டபம் அவற்றை ஏலக்கூடத்திடம் சொல்ல மறுக்கும். வட்டத்தைத் தடுக்கும் அதே பூட்டு, அன்றைக்கு நியாயமான வழியையும் பூட்டிவிடுகிறது. இரண்டாவது எல்லை ரவுட்டரை நீங்கள் வைத்ததே இப்படிப்பட்ட நாளுக்காகத்தான் என்பதால் கேட்கிறேன். ராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் இடையே ஒரு டனல் (இருக்கும் பிணையத்தின் மேலேயே போடும் மெய்நிகர் நேரிணைப்பு) போட்டு அதிலும் ஈஐஜிஆர்பி பேச வைத்தால் என்ன?

பதில்: கீழக்கரை_காக்கா

நல்ல கேள்வி. டனலும் சரியான வழிதான். ஆனால் இந்த அமைப்புக்கு அது தேவைப்படாது என்று கருதுகிறேன். ஃபயர்வாலின் டீஃபால்ட் வழியில் டேக் 90 இல்லை. எனவே இரண்டு எல்லை ரவுட்டர்களும் அதைத் தடையின்றி ஈஐஜிஆர்பிக்குள் தருகின்றன. பாலம் அறுந்த நாளில் ஏலக்கூடத்துக்குத் தனித்தனி வழிகள் தெரியாவிட்டாலும், டீஃபால்ட் அதை மண்டபம் எல்லை ரவுட்டரிடம் கொண்டுவந்துவிடும். அந்த ரவுட்டருக்கு ஓஎஸ்பிஎஃப் வழி தெரியும். திரும்பி வரும் பொட்டலமும் அப்படியே தீவிலிருந்து டீஃபால்ட்டைப் பிடித்து ராமநாதபுரம் வந்து மண்டபம் சேரும். உள்வரும் வழியை வடிகட்டும் டிஸ்டிரிபியூட் லிஸ்ட்டைப் பயன்படுத்தாமல் டிஸ்டன்ஸை மாற்றச் சொன்னதன் பயனும் இதுவே. வடிகட்டியிருந்தால் மண்டபத்துக்கு மாற்றுவழியே இருந்திருக்காது. 171 என்று வைத்தால் அது பின்னால் காத்திருக்கும்.

தம்பி, எல்லாம் நிலைபெற்ற பிறகு தீவுக் கிளைகளை ஒவ்வொன்றாக ஓஎஸ்பிஎஃபுக்கு மாற்றிவிடுங்கள். ஈஐஜிஆர்பி 2016-ல் இணைய நெறிமுறைகளுக்கான ஆர்எஃப்சி ஆவண வரிசையில் 7868 என்ற தகவல் ஆவணமாக வெளிவந்திருந்தாலும், அது சிஸ்கோவில் பிறந்து வளர்ந்த நெறிமுறை. ஓஎஸ்பிஎஃபின் இரண்டாம் பதிப்போ 1998 முதல் ஆர்எஃப்சி 2328 ஆகப் பொதுத் தரமாக இருக்கிறது. நாளைக்கு எந்தக் கருவியை வாங்கினாலும் அதில் இருக்கும். உப்புக்காற்றில் ரவுட்டர்கள் நெடுநாள் உழைக்காத நம் கரையில் இதை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை.

கேள்வி கேட்டவர்: மண்டபம்_தோணி

வேலையை நேற்று இரவு ஏலக்கூடம் அடங்கிய பிறகு முடித்தேன். முதலில் ரூட்-மேப்களை இரண்டு ரவுட்டர்களிலும் எழுதி, டேக் சரியாக விழுகிறதா என்று ஓஎஸ்பிஎஃபின் டேட்டாபேஸில் பார்த்த பிறகே, மண்டபத்தில் எடுத்துவிட்ட ரீடிஸ்டிரிபியூஷனைத் திரும்பப் போட்டேன். அதன்பின் டிஸ்டன்ஸ். மண்டபத்தின் டேபிளில் ஐஸ் கம்பெனியின் பிணையம் இப்போது ஈஐஜிஆர்பி வெளிவழி, 170 என்று பாம்பனை நோக்கி நிற்கிறது. டீஃபால்ட் வழி மாறாமல் ஓஎஸ்பிஎஃப், 110 ஆகவே இருக்கிறது.

மண்டபத்தைக் கடைசியாக எழவைத்தும், ராமநாதபுரத்தைக் கடைசியாக எழவைத்தும், இரண்டையும் ஒன்றாக எழவைத்தும் பார்த்தேன். மூன்று முறையும் டிரேஸ்ரூட் ஒரே மாதிரி வந்தது. ஐஸ் கம்பெனியின் போர்ட்டை அணைத்தவுடன் வழி எல்லா டேபிள்களிலிருந்தும் நீங்கியது. குந்துகால்_கரை சொன்னதையும் சோதிக்க மண்டபத்தில் பாலத்து ஃபைபரைக் கழற்றினேன். சில பிங் தவறியபின் ஏலக்கூடத்திலிருந்து குளிர் அறைக்கு ராமநாதபுரம் வழியாகப் பதில் வந்தது. மாட்டியவுடன் பாலத்துக்கே திரும்பிவிட்டது.

மண்டபத்தின் தொடக்க மெட்ரிக்கையும் 10000 100 ஆக்கி, இரண்டு எல்லை ரவுட்டர்களிலும் ஒரே எண்ணாக வைத்திருக்கிறேன். முதலில் ராமேஸ்வரம் கிளையை ஓஎஸ்பிஎஃபுக்கு மாற்றலாமா, அல்லது பாம்பனிலிருந்து தொடங்குவதா என்பதைத் தனி இழையில் கேட்கிறேன்.